அப்ளைடு லிங்விஸ்டிக்ஸ்ல ஒரு ஆராய்ச்சி நல்லதா இல்லையான்னு எதை வெச்சு சொல்றாங்க? இம்பாக்ட் ஃபேக்டர் பாத்தா போதுமா?

போதாதுங்க. இந்தத் துறையிலதான் பிஎச்டி பண்ணேன், அடி வாங்கின அனுபவத்துல சொல்றேன்.

மொழியியல்னாலே இலக்கணம், ஒலியன்னு நினைப்பாங்க. இது கொஞ்சம் வேற. ரெண்டாவது மொழி வகுப்புல எப்படி மண்டையில ஏறுது, ஒரு மொழித் தேர்வு அளக்க வேண்டியதைத்தான் அளக்குதா, டாக்டர் சொல்றது நோயாளிக்குப் புரியுதா, இந்த மாதிரி விஷயங்கள்.

இப்ப இம்பாக்ட் ஃபேக்டர். ஒரு ஜர்னல் முந்தின ரெண்டு வருஷத்துல போட்ட கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை தடவை மேற்கோள் காட்டிருக்காங்கன்னு எண்ணி, அந்தக் கட்டுரைகளோட எண்ணிக்கையால வகுக்கறாங்க, அவ்ளோதான். ரெண்டே வருஷம்! ஒரு குழந்தை ரெண்டாவது மொழி பழகறதைக் கூடவே இருந்து பாக்கறதுக்கே மூணு நாலு வருஷம் ஓடிடும், அதைப் படிச்சிட்டு இன்னொருத்தர் ஆய்வு பண்ணி எழுதி அது அச்சுல வர்றதுக்குள்ள கணக்கை மூடிட்டு போயிருப்பாங்க. அதுவும் அது ஜர்னலோட சராசரி, உங்க கட்டுரைக்குப் போட்ட மார்க் இல்ல. ஆளை எடுக்கவும் ப்ரமோஷன் குடுக்கவும் இதைப் பாக்காதீங்கன்னு 2013லயே டோரான்னு ஒரு அறிக்கை வந்துச்சு, கையெழுத்து போட்டவங்க நிறைய, பழக்கத்தை விட்டவங்க கம்மி.

நெஜமான மதிப்பீடு ரிவ்யூவர் கையிலதான், அதாவது கட்டுரையை ஜர்னல்ல போடலாமான்னு முன்கூட்டியே படிச்சுப் பாக்கற அதே துறை ஆள். என் முதல் கட்டுரை, புதுச் சொற்களை ஒரு புது முறையில சொல்லிக்குடுத்தா நல்லா நிக்குதான்னு பாத்தது. ரெண்டு வகுப்பு, ஒண்ணுல மட்டும் புது முறை, மொத்தம் 49 பேர், பாடம் முடிஞ்ச அன்னைக்கே டெஸ்ட், எஃபெக்ட் சைஸ், அதாவது ரெண்டு வகுப்புக்கும் வித்தியாசம் எவ்ளோ பெருசுங்கற அளவு, 0.5. கோஹன்ங்கற புள்ளியியல் நிபுணரோட கணக்குப்படி நடுத்தரம்னு பெருமையா எழுதிட்டேன். ரிவ்யூவர் மூணே வரி எழுதினார். மூணு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் வெச்சீங்களா? ரெண்டு வகுப்புக்கும் வேற வேற டீச்சர், அப்ப ஜெயிச்சது முறையா டீச்சரா? 2014ல பிளான்ஸ்கியும் ஆஸ்வால்டும் நம்ம துறை ஆய்வுகளையே தொகுத்துப் பாத்து ரெண்டு குழுவை ஒப்பிட்டா 0.4 சின்னது, 0.7தான் நடுத்தரம்னு சொன்னாங்களே, படிக்கலையா?

மூணுக்கும் எங்கிட்ட பதில் இல்ல. கோவம் ஒரு வாரம் இருந்துச்சு. அப்புறம் ஒரே டீச்சரை வெச்சு திரும்பப் பண்ணேன், மூணு வாரம் கழிச்சு வெச்ச டெஸ்ட்ல வித்தியாசம் காணாமலே போச்சு. அதையே எழுதி ஒரு சின்ன ஜர்னல்ல போட்டேன். இதுவரைக்கும் ஆறு மேற்கோள், அதுல ரெண்டு நானே போட்டுக்கிட்டது.