ஸ்பிரிட் விளக்கில் தொலைந்துபோகும் பாதி வெப்பம்: கேள்வி பதில்

ஆல்கஹாலை எரித்து வெப்பம் அளக்கும் சோதனை பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். சோதனை இதுதான்: ஸ்பிரிட் விளக்கில் ஆல்கஹாலை ஊற்றி எடை போடுகிறோம், அதை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குகிறோம், வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொண்டு விளக்கை மறுபடி எடை போடுகிறோம். பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் நடத்துகிறவள் நான். சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். சுடருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நடப்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர், தஞ்சாவூர்): மேடம், கண்ணாடி பீக்கரில் 100 கிராம் தண்ணீர் எடுத்து, 31 டிகிரியிலிருந்து 61 டிகிரி வரை ஏற்றினோம். எத்தனால் 0.84 கிராம் குறைந்தது. கணக்குப் போட்டால் மோலுக்கு 687 கிலோஜூல் வருகிறது. புத்தகத்தில் 1367 என்று இருக்கிறது. பாதிதான் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: கணக்கில் தப்பே இல்லை, தம்பி. 100 கிராம் × 4.18 (ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏறத் தேவையான ஜூல், அதாவது தன்வெப்பம்) × 30 டிகிரி என்றால் 12,540 ஜூல். 0.84-ஐ ஒரு மோல் எத்தனாலின் எடையான 46 கிராமால் வகுத்தால் 0.01826 மோல். 687 சரியான விடைதான். ஆனால் 687 என்பது தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம். எத்தனால் கொடுத்த வெப்பம் வேறு. ஒரு கிராம் எத்தனால் முழுதாக எரிந்தால் 29.7 கிலோஜூல் வரும். உங்கள் 0.84 கிராமுக்கு 24.9 கிலோஜூல் வந்திருக்க வேண்டும். தண்ணீரில் கிடைத்தது 12.5. மீதி 12.4 எங்கே போனது என்று தேடுவோம், இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

முதலில் பீக்கர். 250 மில்லி கண்ணாடி பீக்கர் சுமார் 100 கிராம் இருக்கும். கண்ணாடியின் தன்வெப்பம் கிராமுக்கு 0.84 ஜூல் என்று வைத்தால், அதுவும் தண்ணீரோடு சேர்ந்து 30 டிகிரி ஏறுவதற்கு ஏறக்குறைய 2.5 கிலோஜூல் குடித்துவிடும். உங்கள் கணக்கில் பீக்கருக்கு இடமே இல்லை, பாருங்கள்.

அடுத்தது நீராவி. 1367 என்ற எண், எரியும்போது உண்டாகும் தண்ணீர் திரவமாகக் குளிர்ந்து நிற்பதாக வைத்துச் சொல்லப்படுவது. ஒரு மோல் எத்தனாலுக்கு மூன்று மோல் தண்ணீர் வரும். நம் விளக்கில் அது பெரும்பாலும் ஆவியாகவே மேலே போய்விடுகிறது. மோலுக்கு 44 வீதம் மூன்றுக்கு 132 கிலோஜூல் கையைவிட்டுப் போகிறது. உங்கள் அளவுக்கு அது ஏறக்குறைய 2.4.

மிச்சம் 7.5. சுடருக்கும் பீக்கருக்கும் இடையே பக்கவாட்டில் நழுவும் சூடான வாயுதான் இதில் பெரும் பங்கு. சூடேறிய தண்ணீரிலிருந்து மேலே ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் 2.4 கிலோஜூல் எடுத்துக்கொண்டு போகும். அப்புறம், சுடரை அணைத்தபின் மூடி போடாமல் தராசுக்கு எடுத்துப் போனீர்களா? சூடான திரியிலிருந்து 0.05 கிராம் ஆவியானாலே 1.5 கிலோஜூல் அளவு எத்தனால் எரியாமலே ‘எரிந்த’ கணக்கில் ஏறிவிடும். மூடியோடு எடை போட்டு, மூடியைப் போட்டே அணைத்து, மூடியோடே மறுபடி எடை போடுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் ரெக்கார்டு நோட்டில் 1367-க்குப் பக்கமாக எழுதலாமா? எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பதில்: வேண்டாம். 687 என்றே எழுதுங்கள், பக்கத்தில் மேலே போட்ட வரவு செலவையும் எழுதுங்கள். திறந்த விளக்கில் 1300 வந்ததாக எழுதும் நோட்டைப் பார்த்தால், அந்த மாணவர் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி (வேதியியல் ஆசிரியர், மதுரை): பீக்கருக்குப் பதில் குளிர்பான அலுமினிய டப்பா பயன்படுத்தலாம் என்கிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு, சார். காலி டப்பா 14 கிராம் அளவில்தான் இருக்கும். அலுமினியத்துக்கு 0.9 என்றால், டிகிரிக்கு 13 ஜூல் கூட வராது. 100 கிராம் தண்ணீருக்கு டிகிரிக்கு 418 ஜூல். ஆக டப்பா எடுத்துக்கொள்வது 3 சதவீதம்தான். கண்ணாடி பீக்கர் 20 சதவீதம். அடிப்பக்கப் பெயிண்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கருகும்.

இன்னும் மூன்று விஷயம். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, சுடர் சாய்ந்தால் அளவீடு போச்சு. சுடரைச் சுற்றி அட்டைக்கு மேல் அலுமினியத் தாள் ஒட்டிய மறைப்பு வையுங்கள், கீழே காற்று புக இடம் விட்டு. மூன்றாவதுதான் முக்கியம்: மெத்தனால், எத்தனால், புரோப்பனால், பியூட்டனால் நான்கையும் ஒரே கால அளவுக்கு எரிக்காதீர்கள், ஒரே வெப்பநிலை ஏற்றத்துக்கு எரியுங்கள். 20 டிகிரி என்றால் நான்குக்கும் 20 டிகிரி. அப்போதுதான் பாத்திரத்திலிருந்து வெளியே கசியும் வெப்பம் நான்கிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும்.

விஞ்ஞானி ரம்ஃபோர்டு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையாண்ட உபாயம் ஒன்று உண்டு. அறை வெப்பநிலைக்கு எத்தனை டிகிரி மேலே முடிக்கப்போகிறோமோ அத்தனை டிகிரி கீழே தொடங்குவது. முதல் பாதியில் அறையிலிருந்து தண்ணீருக்கு வரும் வெப்பமும் பின் பாதியில் தண்ணீரிலிருந்து போகும் வெப்பமும் ஏறக்குறைய ஈடாகிவிடும். மதுரைக்குச் சரி. கடலோர ஊர்களில் மட்டும் கவனம்: 32 டிகிரி அறையில் 22 டிகிரித் தண்ணீரை வைத்தால், ஈரக் காற்றிலிருந்து டப்பாவின் வெளிப்புறம் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். அப்படிக் குளிர்ந்து படியும் நீரும் டப்பாவுக்கு வெப்பம் கொடுக்கும். அங்கே 5 டிகிரி கீழே தொடங்கினால் போதும்.

கேள்வி (உயர்தர மாணவி, யாழ்ப்பாணம்): ரீச்சர், எரி வெப்பம் மோலுக்குக் கிலோஜூலில் மெதனோல் 726, எதனோல் 1367, புரொப்பன்-1-ஓல் 2021, பியூட்டன்-1-ஓல் 2676. ஒவ்வொரு படிக்கும் கிட்டத்தட்ட 650 கூடுவது ஏன்?

பதில்: ஒவ்வொரு படியிலும் கூடுவது ஒரே துண்டு: ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அதை எரிக்க ஒன்றரை மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். உடைக்க வேண்டியவை: ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பு 347, இரண்டு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 826, ஆக்சிஜனுக்கு 747. மொத்தம் 1920. உருவாகுபவை: கார்பன் டைஆக்சைடில் இரண்டு பிணைப்புக்கு 1610, தண்ணீரில் இரண்டுக்கு 928. மொத்தம் 2538. வித்தியாசம் 618. அந்தத் தண்ணீர் திரவமாவதற்கு 44 சேருங்கள், 662. சராசரிப் பிணைப்பு ஆற்றல்களை வைத்துக் காகிதத்தில் போட்ட கணக்கு, அளந்த 650-க்கு இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சிதான்.

விளக்குச் சோதனையில் படி 650 வராது, குறைவாகவே வரும், அதோடு மேலே போகப் போக இன்னும் சுருங்கும். காரணம் சுடரிலேயே தெரியும். மெத்தனால் சுடர் நீலம். பியூட்டனால் மஞ்சளாக எரிந்து டப்பாவின் அடியைக் கறுப்பாக்கும். நீளமான மூலக்கூறுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், திரி விளக்கில் அது போதுமான அளவு கிடைப்பதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கரி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆற்றலில் பெரிதில்லை. டப்பாவில் 10 மில்லிகிராம் கரி படிந்திருந்தால், அதன் பெறுமதி 0.33 கிலோஜூல்தான். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் கூடவே போகிறது. கார்பன் டைஆக்சைடாக மாறாமல் அப்படிப் போகும் ஒவ்வொரு மோல் கார்பனுக்கும் 283 கிலோஜூல் நஷ்டம். விடைத்தாளில் ‘கரி படிந்தது’ என்பதோடு நிறுத்தாமல் ‘குறை எரிதல்’ என்று முழுதாக எழுதுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): பிணைப்பு ஆற்றல் வைத்து எத்தனாலுக்குப் போட்டால் 1276 வருகிறது. 1367 ஏன் வரவில்லை?

பதில்: உங்கள் 1276-ல் எத்தனாலும் வாயு, தண்ணீரும் வாயு. மூன்று மோல் தண்ணீரைத் திரவமாக்கினால் 132 கூடும். திரவ எத்தனாலை ஆவியாக்கச் சுமார் 42 செலவாகும். 1276 + 132 − 42 = 1366. நிலையை எழுதாமல் எரி வெப்பம் எழுதக் கூடாது என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): கிராம் கணக்கில் பார்த்தால் எது நல்ல எரிபொருள்?

பதில்: மெத்தனால் 22.7, எத்தனால் 29.7, புரோப்பனால் 33.6, பியூட்டனால் 36.1 கிலோஜூல், ஒரு கிராமுக்கு. மோலில் மூன்றரை மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம் கிராமில் ஒன்றரை மடங்காகச் சுருங்குகிறது. மெத்தனாலின் எடையில் சரிபாதி ஆக்சிஜன். அது எரிபொருளின் எடையில் சேரும், வெப்பம் தராது. எத்தனாலில் ஆக்சிஜன் 35 சதவீதம், பியூட்டனாலில் 22 சதவீதத்துக்கும் கீழே.

கேள்வி (ஒரு தந்தை, சேலம்): மகள் வீட்டிலேயே செய்து பார்க்கக் கேட்கிறாள். சானிடைசர், கடையில் வாங்கும் மெத்தனால் இதெல்லாம் பயன்படுத்தலாமா?

பதில்: மெத்தனால் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, ஐயா. குடித்தால் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதுதான். தண்ணீர் மாதிரியே நிறமில்லாமல் இருப்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரிய ஆபத்து. அதன் சுடரும் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துக் கை வைப்பார்கள்.

சானிடைசரில் தண்ணீரும் வேறு பொருள்களும் கலந்திருக்கும், எடை குறைவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்கு இடம் பள்ளி ஆய்வகம், கூட ஒரு ஆசிரியர். அங்கேயும் எரியும் விளக்கில், சூடான விளக்கில் பாட்டிலைச் சாய்த்து ஊற்றவே கூடாது. தீ பாட்டிலுக்குள் புகுந்து எதிரே நிற்பவர் மேல் பீய்ச்சி அடிக்கும். மகளின் ஆர்வத்துக்கு வீட்டில் ஒரு நல்ல வேலை உண்டு: ஒரே அளவு சுடுதண்ணீரைக் கண்ணாடி டம்ளரிலும் அலுமினிய டப்பாவிலும் ஊற்றி, மூடியும் மூடாமலும், ஃபேன் ஓடும்போதும் நிற்கும்போதும் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் குறிக்கச் சொல்லுங்கள். கூட நீங்களும் உட்காருங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர், நெல்லை): புரோப்பன்-1-ஆல், புரோப்பன்-2-ஆல் இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட முடியுமா?

பதில்: விளக்கில் முடியாது. எரி வெப்பம் 2021-க்கும் 2006-க்கும் இடைவெளி ஒரு சதவீதம்கூட இல்லை.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் 2006 என்று எப்படி அளந்தார்கள்?

பதில்: குண்டு கலோரிமானியில். 1880-களின் தொடக்கத்தில் பிரான்சில் வேதியியலாளர் பெர்த்தலோ உருவாக்கிய முறை. கெட்டியான எஃகுக் கலத்துக்குள் பொருளை வைத்து, ஆக்சிஜனை 25, 30 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து, கலத்தையே தண்ணீரில் மூழ்கடித்து, உள்ளே மின்கம்பியால் பற்றவைப்பார்கள். வாயு நழுவ வழியில்லை, ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை, நீராவியும் உள்ளேயே குளிர்ந்துவிடும். மேலே போட்ட வரவு செலவில் இருந்த ஓட்டைகள் அனைத்தும் ஒரே கலத்தில் அடைபடுகின்றன. ஆல்கஹால் பற்றவைக்கும் முன்னே ஆவியாகிவிடாமல் இருக்க ஜெலட்டின் குப்பிக்குள் அடைப்பதுண்டு. குப்பி எரியும் வெப்பத்தைத் தனியே கழிப்பார்கள். கலமும் தண்ணீரும் சேர்ந்து டிகிரிக்கு எவ்வளவு வெப்பம் எடுக்கும் என்பதை பென்சாயிக் அமிலத்தை எரித்து முன்பே கண்டுகொள்வார்கள். அது கிராமுக்கு 26.43 கிலோஜூல் தரும்.

கன அளவு மாறாத கலம் என்பதால் அதில் கிடைப்பது அக ஆற்றல் மாற்றம். எத்தனாலுக்கு அதிலிருந்து என்தால்பிக்கு (மாறா அழுத்தத்தில் கிடைக்கும் வெப்பத்துக்கு) வர மோலுக்கு 2.5 கிலோஜூல் திருத்தம் போதும்.

கேள்வி (பைக் மெக்கானிக், ஈரோடு): இ20 பெட்ரோல் போட்டதிலிருந்து மைலேஜ் குறைகிறது என்று வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். இந்த எரி வெப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடிச் சம்பந்தம், அண்ணா. எஞ்சினில் நீராவி சைலன்சர் வழியே வெளியே போவதால், நீராவியோடு போகும் அந்த மோலுக்கு 132 கிலோஜூலைக் கழித்த மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். எத்தனாலுக்கு அது லிட்டருக்கு ஏறக்குறைய 21 மெகாஜூல், பெட்ரோலுக்கு ஏறக்குறைய 32. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 30-க்குச் சற்றுக் கீழே. ஆக ஆற்றலில் மட்டும் 7 சதவீதம் அளவுக்குக் குறைவு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 46, 47 கொடுத்தால் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு) அதிகம் என்பதால், அதற்கென்றே அழுத்த விகிதம் கூட்டி அமைத்த எஞ்சினில் கொஞ்சம் ஈடுகட்டலாம். பழைய வண்டியில் அது நடக்காது. 40-க்குக் கீழே போய்விட்டது என்று யாராவது வந்தால் எரிபொருளோடு நிற்காமல் ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.