டிரம்மில் புளிக்கவைத்த மக்காச்சோளம்: கல்ச்சர் தேவையா?

உடைத்த மக்காச்சோளத்தில் தண்ணீர் கலந்து, காற்றுப் புகாமல் புளிக்கவைத்துக் கறவை மாட்டுக்குக் கொடுப்பது பற்றி வந்த கேள்விகள்.

சார், கல்ச்சர் (புளிக்கவைக்கும் பாக்டீரியாப் பொடி) போடாவிட்டால் புளிக்காதா?

புளிக்கும். ஈரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளத்துக்கு 30 முதல் 35 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஈரம் 32–35 சதவீதத்துக்கு வரும். நன்றாக அமுக்கி மூடுங்கள். இதில் கோட்டை விட்டால் எந்தப் பொடியும் காப்பாற்றாது.

டிரம்மைத் திறந்த மறுநாளே சூடாகிறது. வெல்லம் சேர்த்தும் பார்த்தேன், இன்னும் மோசம்.

வெல்லம் ஈஸ்டுக்கு விருந்து வைத்தது போல ஆகிவிட்டது. காற்றுப் பட்டதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, புளிப்பில் உண்டான லாக்டிக் அமிலத்தைத் தின்னும். அந்தச் சூடு அதனால்தான். இங்கே கல்ச்சருக்கு வேலை உண்டு, ஆனால் பாக்கெட்டில் எந்தப் பாக்டீரியா என்று பாருங்கள். பிளாண்டாரம் மட்டும் இருந்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். திறந்த பிறகு பெரிய உதவி இல்லை. புச்னெரி என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக மாற்றும், அது ஈஸ்டை அடக்கும். பசுந்தீவனத்துக்குக் கிராமுக்கு 1 லட்சம் உயிரணு போதும் என்றால், தானியத்துக்கு 4 லட்சமாவது வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரில் கரைக்காதீர்கள், செத்துப்போகும். அப்புறம், புச்னெரி மெதுவாக வேலை செய்கிற ஆள். 2 மாதமாவது மூடி வையுங்கள்.

புரோட்டியேஸ் நொதியும் சேர்க்கச் சொல்கிறார்கள், அண்ணா?

மாவுச்சத்தைச் சுற்றி ஸீன் என்ற புரதம் வலைபோல இருக்கிறது. இந்த நொதி அதை உடைத்தால் செரிமானம் கூடும் என்பதுதான் கணக்கு. ஆனால் மூடி வைத்த டிரம்மில் நாள் போகப்போக அது தானாகவே உடையும். 3 மாதம் காத்திருக்க முடிந்தால் நான் வாங்க மாட்டேன்.

பூஞ்சை பிடித்த சோளம் மலிவாகக் கிடைக்கிறது. புளித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு புளிப்புக்கு அசையாது, பாலிலும் இறங்கும். வாங்காதீர்கள்.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு, ஐயா?

இப்போது கொடுக்கும் காய்ந்த சோளம் 1 கிலோவுக்குப் பதில் இது சுமார் 1.3 கிலோ. இது வயிற்றில் வேகமாகச் செரிப்பதால் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. 2 வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள், நார்த்தீவனத்தைக் குறைக்காதீர்கள். அசைபோடுவது குறைந்தாலோ சாணம் இளகி நுரைத்தாலோ உடனே அளவைக் குறைத்துவிடுங்கள்.