மேசையில் தட்டுகிறவர்கள்

அன்புள்ள அக்கா,

நான் தரம் 10, மட்டக்களப்பில் படிக்கிறேன். எனக்கு ஓட்டிசம் என்று போன வருடம்தான் டொக்டர் சொன்னார். எனக்குப் பாலங்கள் பிடிக்கும். கல்லடிப் பழைய பாலம் 1924இல் கட்டியது, புதியது 2013இல் திறந்தது என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன், அன்றிலிருந்து ‘பாலம்’ என்றுதான் பட்டம் தெளிக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சேர் இல்லாத நேரம் நாலைந்து பேர் சேர்ந்து மேசையில் தட்டுவார்கள், அந்தச் சத்தம் எனக்குத் தாங்காது என்று தெரிந்தே. காதைப் பொத்துவேன், கடைசியில் கத்திவிடுவேன். அந்த நேரம் பார்த்து சேர் வருவார், ஏச்சு எனக்குத்தான். கணக்கெடுக்காமல் விடு என்கிறா அம்மா. முடியவில்லை. மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் தெரியாதது என் பிழையா?

(பெயரும் பாடசாலையும் போடவேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

அம்மா பாசத்தில்தான் சொல்கிறா. ஆனால் காதுக்குள் இடிக்கிற சத்தத்தை எப்படிக் கணக்கெடுக்காமல் விடுவது? மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலாக இருப்பது ஓட்டிசம் உள்ள பலருக்கு வலியாகவே இருக்கும். சீண்டுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும், சேருக்குத்தான் தெரியாது. அவர் வாசலுக்கு வரும்போது தட்டல் நின்றிருக்கும், நீ கத்துவது மட்டும் கேட்கும். ‘பொடியன்கள் பகிடிக்குச் செய்வது’ என்று சமாளிக்கிற ஆசிரியர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும், சரி, அது வேறு கதை.

உன் பிழை இல்லை. டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், அவரும் ஓட்டிசம் உள்ளவர்தான், 2012இல் இதைப் பற்றி எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, மற்றவர்களுக்கும் உங்களைப் புரிவதில்லை, ஆனால் குறை மட்டும் உங்கள் தலையில். அதோடு, உன்னைச் சீண்டுகிறவர்களுக்கு உனக்கு எது நோகும் என்று தெரிகிறதே, அதைப் புரியாமை என்று சொல்லவும் முடியாது.

இப்போது செய்யவேண்டியது, சேர் காணாததை அவருக்குக் காட்டுவது. ஒரு கொப்பி எடு. ‘கவலையாக இருந்தது’ என்று எழுதாதே. திகதி, எத்தனையாம் பாடம், தட்டத் தொடங்கியது யார், சேர்ந்துகொண்டது யார், என்ன சொன்னார்கள், சேர் எப்போது வந்தார், இவ்வளவும் சொன்னது சொன்னபடி. பாலம் திறந்த வருடத்தையே நினைவில் வைத்திருக்கிற உனக்கு இது பெரிய வேலை இல்லை. அதை வீட்டில் வை, வகுப்புக்குக் கொண்டுபோனால் பறித்துவிடுவார்கள். ஒன்றிரண்டு கிழமை எழுதினால் போதும், ஆனால் யாராவது அடித்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்.

பிறகு அம்மா டொக்டரின் கடிதத்தையும் கொப்பியையும் கொண்டு வகுப்பாசிரியரிடம் போகட்டும். ‘பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ சேர்’ என்றால் ‘சரி அம்மா’ என்று தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் கேட்கவேண்டும்: வாசலோரம் இடம், சத்தம் கூடினால் யாரையும் கேட்காமல் நூலகத்துக்குப் போக அனுமதி, பாடம் மாறுகிற நேரத்தில் வகுப்பைப் பார்க்க ஒருவர். கடிதத்தின் பிரதியில் திகதி போட்டு வாங்கியதாகக் கையெழுத்தும் எடுக்கச் சொல். இதற்குக் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அசையாவிட்டால் அதிபர், அதற்கும் மேலே வலயக் கல்விப் பணிமனை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, தமிழிலும் பேசலாம். போனில் பேச உனக்குக் கஷ்டம் என்றால் அம்மா எடுக்கட்டும், நீ பக்கத்தில் இருந்து திகதிகளை வாசித்துக் கொடு.