மீன்பெட்டிக்கு வாங்கிய பம்ப்: பணத்தைக் கேளுங்கள், மீனைக் கேட்காதீர்கள்

கேள்வி: டர்பன் மெரேபேங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஸ்கீ போட்டில் (சிறு மோட்டார் மீன்பிடிப் படகு) மீன்பெட்டி தளத்துக்குக் கீழே இருக்கிறது. அதில் தேங்கும் ஐஸ் தண்ணீரையும் ரத்தத்தையும் இறைக்க, ஜூன் மாதம் 2,900 ரேண்டுக்கு ஒரு பம்ப் வாங்கினேன். ஜூலையில் நின்றுவிட்டது. கடைக்காரர் பழுது பார்த்துக் கொடுத்தார். ஆகஸ்ட் கடைசியில் கைக்கு வந்தது, அக்டோபரில் மறுபடி நின்றது. மீன் முழுக்கக் கெட்டு 38,000 ரேண்ட் நஷ்டம். அவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்தான், ஆனால் பத்துப் பேர் முன்னால் என்னைப் பொய்யன் என்றார். இப்போது இன்னும் 1,400 ரேண்ட் கொடுத்தால் வேறு பம்ப் தருகிறேன் என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அவர் பேசிய பேச்சுதான். உங்கள் மனம் நொந்திருப்பது தெரிகிறது. அது வழக்குக்கு உதவாது, விட்டுவிடுங்கள். நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வாங்குவதற்கு முந்தின நாள் மீன்பெட்டியைப் படம் எடுத்து கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, 'இதுக்கு எது சரியா வரும்?' என்று கேட்டதாக. உங்கள் வழக்கு அந்த ஒரு வரிதான்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 55ஆம் பிரிவு: பொருள் இன்ன வேலைக்கு என்று வாங்குகிறவர் குறிப்பாகச் சொல்லியிருந்து, கடைக்காரர் அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்பவராக இருந்தால், அது அந்த வேலைக்குத் தகுந்ததாக இருந்தே ஆகவேண்டும். அவர் கொடுத்தது சாதாரண பில்ஜ் பம்ப். படகின் அடியில் தேங்கும் தண்ணீருக்கு அது போதும். செதிலும் குடல்துண்டும் கலந்த மீன்பெட்டித் தண்ணீரில் அதன் விசிறி சிக்கிக்கொள்ளும். மீன்பெட்டிக்குக் கத்தி வைத்த மெசரேட்டர் பம்ப் வேண்டும். இல்லையென்றால், முன்னால் வடிகட்டி போட்ட டயஃப்ரம் பம்ப் (சவ்வு அசைந்து இறைப்பது). படத்தைப் பார்த்தபின் பில்ஜ் பம்பை எடுத்துக் கொடுத்தது அவர் பொறுப்பு. அந்த உரையாடலை இன்றே சேமித்து, இன்னொரு இடத்திலும் வையுங்கள். புதுப் போன் வாங்கி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

56ஆம் பிரிவும் உங்கள் பக்கம். பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால், மாற்றித் தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இன்னொரு முறை 'ஏஜென்டுக்கு அனுப்புகிறேன்' என்று இழுக்க அவருக்கு இடமில்லை.

இனி நான் பயப்படும் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ஜேக்கப்ஸில் தெரிந்த பட்டறையில் பம்பைத் திறந்து பார்க்கலாம் என்று மைத்துனர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தொடவே கூடாது. கடையைவிட்டுப் போனபின் மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்கு, அந்த மாற்றத்தின் அளவுக்கு, உத்தரவாதம் இல்லை என்று அதே 56ஆம் பிரிவு சொல்கிறது. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும், நாலு திருகாணியைக் கழற்றியதால் தோற்றவர்கள் உண்டு. எதிர்த்தரப்பு அந்தத் திருகாணிகளைக் காட்டினாலே போதும், பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். பம்பை அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். படகில் அது இருந்த இடத்தையும் ஒயரையும் ஃபியூஸையும் படம் எடுங்கள். மெல்லிய ஒயர் போட்டதால்தான் மோட்டார் சூடானது என்று நாளை சொல்வார்கள்.

இரண்டாவது இதைவிடப் பெரியது, அந்த 38,000 ரேண்ட். உங்களிடம் இருப்பது பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதி மட்டும். ஆனால் பிடித்த மீனை சாட்ஸ்வொர்த்தில் தெரிந்தவர்களுக்கு விற்பதாக நீங்களே எழுதுகிறீர்கள். 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டப்படி அந்த அனுமதியில் பிடித்த மீனை விற்கக் கூடாது. விற்க வைத்திருந்த மீன் கெட்டது என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது நஷ்டக் கணக்காக நிற்காது, குற்றத்தை ஒப்புக்கொண்ட தாளாகத்தான் நிற்கும். தண்டனையோடு படகையே பறிமுதல் செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2,900 ரேண்ட் பம்புக்காகப் படகைப் பணயம் வைக்காதீர்கள். அந்தத் தொகையை யாரிடமும் பேசாதீர்கள், கடைக்காரருக்கு வாட்ஸப்பிலும் எழுதாதீர்கள்.

ஆகவே, சமரசமாகப் போங்கள். புதுப் பம்பின் விலையில் 2,900 கழித்து 1,400 மட்டும் கேட்கிறார் என்றால், பழைய பம்பின் முழு விலையையும் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று பொருள். நீதிமன்றம் போனாலும் இதற்குமேல் பெரிதாகக் கிடைக்காது. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுங்கள். மீன் விஷயம் அதோடு முடிவது உங்களுக்கு நல்லது. அவர் பின்வாங்கினால் மட்டும், பம்பின் விலைக்கு மட்டும், உங்கள் சொந்தப் பெயரில் சிறு வழக்கு மன்றத்தில் போடுங்கள். வரம்பு 20,000 ரேண்ட், வக்கீல் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது.

புதுப் பம்புக்குப் புது ரசீது வாங்குங்கள். அதில் 'மீன்பெட்டி வடிப்பதற்கு, மெசரேட்டர்' என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சட்டம் தரும் ஆறு மாத உத்தரவாதம் அந்தத் தேதியிலிருந்து ஓடும். பெட்டிக்குள் வரும் தாளையும் அங்கேயே நின்று படியுங்கள். பெரும்பாலான மெசரேட்டர்களைச் சில நிமிடங்களுக்குமேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது, தண்ணீரில்லாமல் ஓடினால் சில நொடிகளிலேயே கெட ஆரம்பிக்கும். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூண்டிலைப் பார்க்கப் போனால், அடுத்த முறை தவறு உங்களுடையது, நானும் உதவ முடியாது.

ரசீது கைக்கு வந்தபின் பழைய பம்பைக் கொடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.