கட்டப் புதிரில் கணக்கு இடித்தால் பணம் திரும்புமா?

கேள்வி: எங்கள் வாப்பாவுக்காக இணையத்தில் 349 ரூபாய்க்கு நோனோகிராம் புத்தகம் ஒன்று வாங்கினோம். எண்களைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினால் படம் தெரியும் என்ற வகை. அதில் 50க்கு 50 கட்டமுள்ள ஒரு புதிர் மூன்று வாரமாகியும் முடியவில்லை. விற்பனையாளரோ, “புதிர் கடினமானது, பென்சில் பட்ட புத்தகத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார். என்ன செய்யலாம்? வாப்பா தாமே ஒரு புதிர் வரைந்து அச்சிட்டு விற்கவும் நினைக்கிறார்.
– வாசகி, கீழக்கரை

பதில்: புதிர் கடினமா, பிழையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும், அதற்குப் புதிரை முடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணும் அந்த வரிசையில் அடுத்தடுத்து நிரப்ப வேண்டிய கட்டங்களின் எண்ணிக்கை, ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வெற்றுக் கட்டமாவது விட வேண்டும். இடப்புறம் உள்ள எண்கள் அனைத்தையும் கூட்டுங்கள், பிறகு மேற்புறம் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இரண்டும் நிரப்ப வேண்டிய அதே கட்டங்களைத்தான் எண்ணுகின்றன என்பதால், ஒருபுறம் 1,214 என்றும் மறுபுறம் 1,211 என்றும் வந்தால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத அச்சுப் பிழை. அடுத்து, ஒவ்வொரு வரிசையும் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். 20, 14, 9, 6 என்று ஒரு வரிசையில் இருந்தால் கூட்டுத்தொகை 49. நடுவே குறைந்தது மூன்று வெற்றுக் கட்டங்கள் வேண்டும் என்பதால் 52 ஆகிவிடும், 50 கட்டத்தில் அது எப்படி அடங்கும்? (வண்ணப் புதிரானால் கூட்டலை நிறவாரியாகச் செய்ய வேண்டும், வேறு நிறங்களுக்கிடையே இடைவெளியும் கட்டாயமில்லை.) கூட்டல் சரியாக இருந்தும் பிழை இருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிழை உறுதியானால், கூட்டலை ஒரு தாளில் எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தோடு அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. பென்சில் பட்டுவிட்டது என்ற வாதம் எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது. அரிசி வேகுமா என்பது உலையில் போட்டால்தானே தெரியும்? பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது இராமநாதபுரத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. 349 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக நேராது என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை வாங்கும்போது கட்டத்தின் அளவைக் கேளுங்கள். ஏ4 தாளில் எண்களுக்கு இடம் விட்ட பின் அகலத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரே மிஞ்சும் என்பதால், 50 கட்டத்துக்குத் தலா 3 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். வயதானவர் கண்ணுக்கு அது போதாது. கடற்காற்றில் மெல்லிய தாள் நமத்து, ரப்பர் பட்டதும் கிழியும் என்பது உங்களூரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று: ஹான்ஜீ, கிரிட்லர்ஸ், பிக்ராஸ் எல்லாம் இதே புதிரின் வேறு பெயர்கள். 1987 வாக்கில் ஜப்பானில் நோன் இஷிடா, டெட்சுயா நிஷியோ ஆகிய இருவரும் தனித்தனியே உருவாக்கியது இது. நோனோகிராம் என்ற பெயர் இஷிடாவின் பெயரிலிருந்து வந்தது. பெயர் மாறியிருக்கிறதே என்று புதுவகைப் புதிராக எண்ணி வாங்கிவிட வேண்டாம்.

வாப்பா வரையப் போகும் புதிரைப் பற்றி ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ஒரு புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் நாளை அவருக்கே புகார் வரும். அவர் ஒரு வள்ளத்தை வரைந்து, அதன் மேலே வெற்று வானத்தில் ஒற்றைக் கட்டப் பறவைகள் இரண்டை, இடப்பறவை சற்று மேலும் வலப்பறவை சற்றுக் கீழுமாக வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவை இடம் மாறி, இடப்பறவை கீழும் வலப்பறவை மேலுமாகப் பறந்தாலும் எல்லா எண்களும் அப்படியே இருக்கும். தீர்ப்பவருக்கு எது சரி என்று அறிய வழியே இல்லை. இரண்டையும் ஒரே கிடைவரிசையில் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அச்சுக்குக் கொடுக்கும் முன், படத்தை அறியாத ஒருவரிடம் எண்களை மட்டும் கொடுத்துத் தீர்க்கச் சொல்லட்டும்.