அளவும் தடிமனும் வேறான இரண்டு இரும்புக் குழாய்களை அப்படியே சேர்த்து வெல்டிங் செய்யலாமா?

செய்யக்கூடாது. அளவு மாறினால் இடையில் ரெடியூசர் வேண்டும். ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் இருக்கும் கூம்புத் துண்டு அது.

தடிமன் மாறும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். தடிமன் ஏன் மாறுகிறது? கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் போகும்போது லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைப் பார்க்கலாம். 10 மீட்டர் இறங்கினால் நீரழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடும். அதனால் இத்தகைய குழாய்களுக்குக் கீழே போகப்போகத் தடித்த தகடு தேவைப்படுகிறது.

4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. சுவரின் தடிமன் 6.02 மி.மீ. ஆனாலும் 8.56 ஆனாலும் வெளியே வேறுபாடு தெரியாது. சேர்த்து வைத்து உள்ளே விரலை ஓட்டுங்கள், இரண்டரை மி.மீ. படி ஒன்று தட்டும். பழைய வேட்டியில் தடித்த துணியை ஒட்டுப் போட்டால், கிழிவது ஒட்டின் ஓரத்தில்தான். குழாயிலும் விசை அந்தப் படியில்தான் குவியும். விரிசலும் அங்கேதான் தொடங்கும். ஆகவே தடித்த குழாயின் உள்விளிம்பை, 1 மி.மீ. இறக்கத்துக்குக் குறைந்தது 4 மி.மீ. நீளம் என்ற சரிவில் கிரைண்டரால் சீவிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பத்து நிமிட வேலை, தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பம்பின் உறிஞ்சு பக்கத்தில், மேல்பக்கம் மட்டமாகவும் அடிப்பக்கம் மட்டும் சரிந்தும் இருக்கும் ரெடியூசரே நல்லது, காற்று தேங்காது.

சிறிய குழாய்க்குள் நுழையும் நீரின் அழுத்தம் கூடும் என்பது தவறு: அங்கே கூடுவது வேகம், அழுத்தம் குறையவே செய்கிறது.