ஈரலைத் தொடாமல் ஓடும் ரத்தம்: கீழாநெல்லி என்ன செய்யும்?

கேள்வி: எங்கள் ஷிட்ஸு நாய்க்குட்டிக்கு நான்கு மாதம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் எச்சில் ஒழுகுகிறது, சுவரையே வெறித்துப் பார்க்கிறது, வட்டமடிக்கிறது. ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் பிறவிக் கோளாறு, ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். குட்டியை விற்றவரோ, “கறியை நிறுத்திக் கீழாநெல்லிச் சாறு கொடுங்கள், சரியாகாவிட்டால் வேறு குட்டி தருகிறேன்” என்கிறார். இயற்கை முறையிலேயே காப்பாற்ற முடியாதா? (வாசகி, திருப்பூர்)

பதில்: டாக்டர் சொல்வது சரியென்றால், உங்கள் குட்டியின் ஈரலில் நோய் இல்லை, அதற்குப் போதிய ரத்தம்தான் போய்ச் சேரவில்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் ஈரலுக்குள் சென்று சுத்தமான பிறகே உடம்புக்குப் போக வேண்டும். குறுக்கே வேண்டாத குழாய் ஒன்று அமைந்துவிட்டதால், ஊருக்குள் வராமல் பைபாஸில் போய்விடும் பஸ்ஸைப் போல அது ஈரலைத் தொடாமலே ஓடிவிடுகிறது. புரதம் செரிக்கும்போது உண்டாகி அதில் கலக்கும் அம்மோனியா என்ற நச்சு மூளையைத் தாக்குகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு குட்டி வெறித்துப் பார்ப்பது அதனால்தான். கீழாநெல்லி நம் வீடுகளில் காமாலைக்குக் கொடுக்கும் மூலிகை. இந்தக் குறையில் காமாலை வருவதே அரிது. எந்தச் சாறும் அந்தக் குழாயை அடைக்காது.

லிவர் டானிக் பாட்டில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதர்களுக்கான சர்க்கரையில்லாத சிரப்புகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. நாய்க்கு அது விஷம். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், ஈரலையும் அழிக்கும். ‘இயற்கை’ என்ற சொல்லை லேபிளில் அச்சடிக்க யாரும் எந்தப் பரிசோதனையும் செய்து காட்ட வேண்டியதில்லை. பாட்டிலை விற்பவருக்கு உங்கள் குட்டியின் எடைகூடத் தெரியாது.

நீங்கள் தேடும் இயற்கைப் பராமரிப்பு சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது. புரதத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். வளரும் குட்டி உருக்குலைந்துவிடும். கறிக்குப் பதிலாக முட்டை, தயிர், பனீர் கொடுங்கள். இவற்றால் அம்மோனியாத் தொல்லை குறைவு. ஈரலுக்கு ஈரல் நல்லது என்று ஆட்டு ஈரல் வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் குட்டிக்கு ஈரலும் மண்ணீரலும் கூடவே கூடாது. சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுங்கள். வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். சோறும் முட்டையும் மட்டும் முழு உணவாகாது, சுண்ணாம்புச் சத்தை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். மலச்சிக்கல் அம்மோனியாவை ஏற்றும். அதற்காகத்தான் லாக்டுலோஸ் சிரப் எழுதுகிறார்கள். மலம் இளகலாக, நாளுக்கு இரண்டு மூன்று முறை போகிறதா என்று பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். பூச்சி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் கசியவிடும் ரத்தமும் புரதம்தான், அதுவும் அம்மோனியாவாகும்.

இவையெல்லாம் குட்டியைத் தேற்றும், குழாயை மூடாது. மூடுவது ஆபரேஷன்தான். சிறிய இன நாய்களுக்குக் குழாய் பெரும்பாலும் ஈரலுக்கு வெளியே இருப்பதால் ஆபரேஷனுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. குழாயைச் சுற்றி ஒரு வளையத்தையோ செல்லோபேன் பட்டையையோ பொருத்தினால் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். மருந்தும் உணவும் கொடுத்து நிலைப்படுத்திய பிறகே கத்தியை எடுப்பார்கள்.

ஆனால் ஒன்றை நிதானமாகக் கேளுங்கள். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்கும் பைல் ஆசிட் பரிசோதனையில் (ஈரலின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு ஏறியிருந்தாலே பெரிய குழாய் இருக்கிறது என்று ஆகிவிடாது. சில குட்டிகளுக்கு ஈரலுக்குள்ளேயே நுண்குழாய்கள் சரியாக வளர்ந்திருக்காது. அங்கே மூடுவதற்கென்று ஒரு குழாய் இல்லை. வயிற்றைத் திறப்பது வீண். அப்படிப்பட்ட குட்டிகளில் பல பெரிய தொல்லையில்லாமலே வாழ்கின்றன, தொல்லை இருப்பவற்றுக்கு உணவும் மருந்தும் போதும். அதாவது, நீங்கள் ஆசைப்படுவது அங்கே நடக்கும். எனவே குழாயைக் கண்ணால் காட்டும் ஸ்கேன் இல்லாமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்திடாதீர்கள். அனுபவமுள்ளவர் செய்யும் அல்ட்ராசவுண்டில் அது தெரியலாம். தெரியாவிட்டால், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். இதற்காக உங்களை ஊர் ஊராக அலையவிடுவார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். நாய்க்குட்டி வியாபாரம் தெருத்தெருவாகப் பெருகியிருக்கிறது, நாய்க்கு சி.டி. எடுக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேறு குட்டி தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். திருப்பிக் கொடுத்த குட்டி இன்னொரு வீட்டுக்கு விற்கப்படும், அல்லது இனப்பெருக்கத்துக்குப் போய் இதே குறையைப் பரப்பும். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி 2017இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறும். சோதிக்க ஆள் இல்லாத விதி யாருக்குப் பயன்?

எந்தச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தாலும் இந்தக் குறையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரல் அந்த மயக்க மருந்தை வெளியேற்றத் தாமதிப்பதால் குட்டி விழித்தெழ நெடுநேரமாகும். கருத்தடையை இப்போது தனியாகச் செய்ய வேண்டாம்; குழாய் ஆபரேஷன் முடிவானால், அதே மயக்கத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேளுங்கள்.